நடக்கிறார்கள், கதை மட்டும் வரவில்லை

வணக்கம். எங்கள் இளையர் குழுவின் பொறுப்பாளர்கள் 12 பேரை மார்ச்சிலிருந்து மூன்று சனிக்கிழமைகள் சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையில் நடக்கக் கூட்டிப்போனேன். எல்லாருக்கும் 22 முதல் 30 வயது. புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் தொடங்கி, இரும்புப் பாலத்தருகே நின்று, பொறுப்பில் இருந்தபோது தான் சறுக்கிய ஒரு நாளை ஒவ்வொருவரும் கதையாகச் சொல்ல வேண்டும். சிக்கல் அங்கேதான். வருவது வேலை நேர்காணல் பதில்: "சவாலைச் சமாளித்தேன், பாடம் கற்றேன்." முடிந்தது.

இடத்தை யோசித்துத்தான் எடுத்தேன். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயில் போனது. இன்று அது 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை. ஒன்று முடிந்தபின் என்ன செய்தோம் என்று பேச இதைவிட நல்ல இடம் ஏது? முல்லை என்றால் காத்திருத்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று, நிலத்துக்கு ஓர் உணர்வு வைக்கும் சங்க இலக்கியத் திணையையும் விளக்கிப் பார்த்தேன். இலக்கிய வகுப்பாகிவிட்டது. ஒருவர் குறிப்பே எடுத்தார்!

முதல் 20 நிமிடம் பேசாமல் நடக்க வைத்தேன். கைப்பேசிகளை வாங்கி வைத்தேன். இருவர் இருவராகப் பிரித்தபோது கொஞ்சம் பேசினார்கள்; வட்டமாக நின்றதும் மறுபடி வாய்ப்பூட்டு. சரி என்று என் தோல்வியை முதலில் சொன்னேன். அப்புறம் எல்லாரும் என் கதையின் அச்சிலேயே வார்த்தார்கள்.

அடுத்த நடை வரும் சனிக்கிழமை காலை 7 மணிக்கு. இப்படி நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்: அந்தப் பாலத்தருகே நிறுத்தி, எந்த ஒரு கேள்வியைக் கேட்டால் ஒத்திகை பார்க்காத கதை வரும்?