அமெரிக்காவில் மான் வேட்டை: இடத்துக்கு இடம் சிரமம் மாறுவது ஏன்?

வாய்க்கால்மேடு (கோபிசெட்டிபாளையம்):
எங்கள் மாப்பிள்ளை டெக்சாஸில் வேலையில் இருக்கிறார். மான் வேட்டைக்கு இரண்டு ஆண்டுகளாக உரிமம் எடுத்தும் போவதற்கு இடம் அமையவில்லை என்கிறார். விஸ்கான்சினில் இருக்கும் அவருடைய பங்காளி மகனோ ஒவ்வொரு நவம்பரிலும் தடையின்றிப் போய் வருகிறார். ஒரே நாட்டில், அதே வெண்வால் மானுக்கு இவ்வளவு வேறுபாடு ஏன் என்று அங்கே இருப்பவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பெருந்துறையான் (சான் அன்டோனியோ):
ஐயா, டெக்சாஸில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் தனியார் கையில் இருக்கிறது. அரசு தரும் உரிமம் மானைச் சுடுவதற்குத்தானே தவிர, அடுத்தவர் வேலிக்குள் நுழைவதற்கு அல்ல. பண்ணைக்காரரிடம் பருவத்துக்கு இவ்வளவு என்று குத்தகை பேசி, அவர் காட்டும் இடத்தில் அமர்ந்துவிட்டால் மான் வருவது பெரிய காரியமில்லை. பலரும் அங்கே மக்காச்சோளம் தூவி வைத்திருப்பார்கள்.

மரங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். மூன்றடி முதல் ஐந்தடி உயரத்துக்குள் ஊதா வண்ணத்தில் நெட்டுக்குத்தாகக் கோடு தீட்டியிருந்தால், பலகை இல்லாவிட்டாலும் அது உள்ளே வரக்கூடாது என்பதற்குச் சட்டப்படியான அறிவிப்பு. முதல் ஆண்டில் அதை மரம் வெட்டுவதற்கான குறி என்று எண்ணி அரை மைல் உள்ளே போய்விட்டேன். நிலத்துக்காரர் கோபப்படாமல் வெளியே கொண்டுவந்து விட்டது என் நல்ல காலம்.

இன்னொரு செய்தி: நம் புள்ளிமானை 1930-களில் டெக்சாஸுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அது வெளிநாட்டு விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவம் என்ற வரையறை கிடையாது. ஆனாலும் உரிமமும் நிலத்துக்காரர் சம்மதமும் வேண்டும்.

காங்கேயத்துக்காரன் (விஸ்கான்சின்):
இங்கும் எல்லா இடமும் ஒன்றல்ல. வடக்கே செக்வாமெகன்-நிக்கோலே தேசியக் காடு மட்டுமே சுமார் 15 லட்சம் ஏக்கர். உரிமம் உள்ள யாரும் போகலாம். ஆனால் கடும் பனியும் ஓநாயும் உள்ள அந்தப் பகுதியில் மான் குறைவு என்பதால், ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் முழுவதும் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பலர். தெற்கே சோளமும் சோயாவும் விளையும் தோட்டங்களில் மான் மிகுதி. அங்கே ஒவ்வொரு பூமிக்கும் உரியவர் உண்டு.

அமராவதிக்கரை (தாராபுரம்):
போக வரத் தடமில்லாத பூமியை வாங்கி அவதிப்பட்டவர்களுக்கு அமெரிக்காவின் வயோமிங் மாநில நிலவரம் உடனே புரியும். சதுரங்கக் கட்டம் போல ஒரு சதுரம் அரசுடையது, அடுத்தது தனியாருடையது. பொது நிலங்கள் மூலைக்கு மூலை மட்டுமே தொடுகின்றன. தனியார் மண்ணில் கால் படாமல் அந்த மூலையைத் தாண்டுவது அத்துமீறலா என்ற வழக்கில், 2025 மார்ச்சில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வரைபடத்தில் பொது நிலம் என்று இருந்தால் போதாது. அதற்குத் தடம் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

காட்டோரம் (பவானிசாகர்):
நம் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தோட்டத்துக்குள் வந்த மானையும் இங்கே வேட்டையாடக் கூடாது. சொந்தப் பூமி என்பது சாக்காகாது. எங்கள் நிலக்கடலைக் காட்டில் விடியும்போது பாத்தி பாத்தியாகக் குளம்படியும் கடித்த கொடியுமாகக் கிடந்ததைப் பார்த்து மனம் கொதித்தது உண்மை. ஆனாலும் வனத்துறைக்கு மனு எழுதினோம், வேறொன்றும் செய்யவில்லை.

வாய்க்கால்மேடு:
அனைவருக்கும் நன்றி. பருவம் முடிந்ததும் குத்தகை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

பெருந்துறையான்:
பொதுவாகக் கூடாது, ஐயா. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும், ஆகையால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.