சோலார் லோன் கேட்டுப் போனவர்கள், என்ன நடந்தது என்று சொல்லுங்கள்

நூல்கண்டு_திருப்பூர்

நிட்டிங் யூனிட், வாடகை ஷெட். கரண்ட் பில் கதை எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்கள். 40 கிலோவாட் போடலாம் என்று கொட்டேஷன் வாங்கி, ஐடி ரிட்டர்ன், ஜிஎஸ்டி, பழைய பில் எல்லாம் ஃபைல் போட்டு, நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கே போனேன். மேனேஜர் தன்மையான மனிதர்தான். ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் வாடகை ஒப்பந்தத்தில் வந்து நின்றுவிட்டார். 'பதினொரு மாதங்கள்' என்று டைப் அடித்திருந்த இடத்துக்குக் கீழே பென்சிலால் லேசாக ஒரு கோடு இழுத்தார். "லோன் ஏழு வருஷத்துக்குக் கேக்கறீங்க. ஷெட்டு உங்ககிட்ட பதினோரு மாசம்தான் இருக்குது. மிச்சத்துக்கு நான் யாரு கூரையில போய் நிக்கறதுங்க?"

பல வருடமாக அதே ஷெட்டில்தான் ஓட்டுகிறேன், பதினொரு மாதம் என்பதெல்லாம் பேப்பருக்கு, ஊரே அப்படித்தான் போடுகிறது. அவருக்கும் அது தெரியும். கிளம்பும்போது, "மெஷின் ஏதாச்சும் எடுக்கறதா இருந்தா சொல்லுங்க, உடனே பண்ணிடலாம்" என்றார் பாருங்கள். பில் கட்ட முடியாமல் இருக்கிற மெஷினில் பாதியை நிறுத்தி வைத்திருக்கிறவனுக்கு இன்னொரு மெஷின்! அதற்குக் கடன் உண்டாம். இது மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வாடகை இடத்தில் இருந்துகொண்டு யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

காவேரிக்கரை

வாடகை இடத்தை விடுங்க அண்ணா, சொந்த வீட்டுக்கே படாத பாடு. பிரதமரின் சூரிய வீடு திட்டம், 3 கிலோவாட், 78,000 ரூபாய் மானியம், ஈடு கேட்காத கடன், வட்டி நாங்கள் கேட்டபோது சுமார் 7 சதவீதம். விளம்பரத்தில் சொல்வது அத்தனையும் உண்மைதான், எங்கள் சிக்கல் கரண்ட் கனெக்‌ஷன் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா இல்லை. பெயர் மாற்ற அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பெரிய அத்தை வீட்டுக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனோம். காபி கொடுத்தார்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தார்கள். பேனா கையில் இருக்கிறது, மூடியைக் கழற்றவில்லை. "இதுல வீடுன்னு எங்கயும் எழுதல, கரண்டுன்னுதான் இருக்கு. வெறும் கரண்டுக்கு எதுக்குப்பா என் கையெழுத்து?" அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு அத்தை உள்ளே போனவர் போனவர்தான். அதோடு சரி. பேனல் விலை வாட்டுக்கு எவ்வளவு என்று எல்லோரும் பேசுகிறார்கள், இதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பழைய_மேனேஜர்

மேலே இரண்டு பேரும் வங்கியைத் திட்டாத குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் பொதுத்துறை வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு அரிசி ஆலைக்குச் சோலார் கடன், தவணை நின்று மாசக்கணக்கில் ஆகிவிட்டது. நோட்டீஸோடு போய் ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினேன். பேனல் முழுக்க உமித்தூசு, விரலால் தேய்த்தால் பாளம் பாளமாக வருகிறது. கீழே இன்வெர்ட்டர் டிஸ்ப்ளே அணைந்து கிடக்கிறது. போட்டுக் கொடுத்த கம்பெனிக்கு போன் செய்தால் நம்பர் உபயோகத்தில் இல்லை. ஆலைக்காரர், "கழட்டிட்டுப் போங்க சார், நான் தடுக்கல" என்றார். கழற்றி யாருக்கு விற்பது? லாரி என்றால் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம், நகை என்றால் ஏலம் விடலாம். பழைய பேனலைத் தலைமை அலுவலகத்துக்கா அனுப்ப முடியும்?

சரி, கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வங்கிகள் கட்டாயம் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டிய முன்னுரிமைக் கடன் கணக்கில் சோலார் எப்போதோ வந்துவிட்டது. ஒரு நிறுவனத்துக்கு 30 கோடி வரை என்று இருந்ததை 2025 ஏப்ரலில் இருந்து 35 கோடியாக ரிசர்வ் வங்கி உயர்த்தியிருக்கிறது, வீட்டுக்கு 10 லட்சம். ஆக வங்கிக்குச் சோலார் கசக்கவில்லை. சிறுதொழிலுக்கு ஈடு இல்லாமல் கொடுக்க, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டும் சிஜிடிஎம்எஸ்இ என்ற உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, 2023-ல் 5 கோடி, 2025-ல் 10 கோடி என்று வரம்பை ஏற்றியிருக்கிறார்கள். மேனேஜர் தானாக அதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். கொட்டேஷனை மட்டும் நீட்டாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், அதை வைத்து மாசம் பில் எவ்வளவு குறையும், சோலாருக்கு மின்வாரியம் வாங்கும் நெட்வொர்க் சார்ஜ் எவ்வளவு போகும் (சிறுதொழிலுக்கு 2023-ல் பாதியாகக் குறைத்தார்கள்), தவணை போக என்ன நிற்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்காவது போட்டு அந்த நகலையும் வையுங்கள். இன்சூரன்ஸ் மறக்க வேண்டாம். வீட்டுக்குப் போடுகிறவர்கள், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்கிக்கொண்டு பில்லே சில நூறுதான் வருகிறது என்றால் கடன் வாங்கிச் சோலார் போடவே வேண்டாம், அசலே திரும்பாது. இன்னொன்று, பெரிய திட்டத்துக்கு வங்கி ஏன் பயப்படுகிறது என்றால் ஆந்திராவைப் பாருங்கள். 2019-ல் ஆட்சி மாறியதும், சோலார், காற்றாலை மின்சாரத்தை வாங்கக் கையெழுத்தான விலையைக் குறைக்கக் குழு போட்டார்கள். ஒப்பந்த விலையைத்தான் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற அமர்வு சொல்லும்போது 2022 மார்ச். அதுவரை இடைக்கால உத்தரவுப்படி சோலாருக்கு யூனிட் 2 ரூபாய் 44 காசு. ஒப்பந்த விலையை நம்பிக் கடன் கொடுத்த வங்கிக்காரன் தூங்கியிருப்பானா?

கோவில்பட்டி_வெயில்

சார், வணக்கம். நீங்கள் சொன்ன ஒரு பக்கக் கணக்கை நான் பதினைந்து பக்கமாகவே கொடுத்தேன். எங்கள் நூற்பாலைக்கு ஒரு மெகாவாட், 2021-ல். சாங்ஷன் லெட்டர் கையில் வந்து, பணம் இறங்குவதற்குள் சீனாவில் விலை ஏறியது, அக்டோபர் 1-ல் ஜிஎஸ்டி 5-ல் இருந்து 12 ஆனது, அடுத்த ஏப்ரலில் பேனலுக்கு 40 சதவீத இறக்குமதி வரி என்று சொல்லிவிட்டார்கள், அதற்குள் வாங்கிவிட ஊரே அடித்துக்கொண்டு ஓடியதில் சரக்கே இல்லை. மொத்தச் செலவு எகிறிவிட்டது. லிமிட்டை ஏற்றித் தாருங்கள் என்றால், "சாங்ஷன் ஆன புராஜெக்ட் காஸ்ட்டை மாத்தணும்னா மறுபடி முதல்ல இருந்து வரணும், வித்தியாசத்தை நீங்க கொண்டு வாங்க" என்றார்கள்.

கொண்டு வந்தேன். அதே பிராஞ்ச், நாலு அடி தள்ளி நகைக்கடன் கவுண்டர். அம்மாவின் இரட்டை வடத்தை அப்ரைசர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார், சொட்டு திராவகம் விட்டார், தராசில் போட்டார், சீட்டு எழுதினார். வாங்கி வைத்த டீ ஆறவில்லை, பணம் கணக்கில் ஏறிவிட்டது. சோலார் ஃபைல் பக்கத்து மேஜையில்தான் இருந்தது, அதன்மேல் யாரோ டம்ளர் வைத்த வட்டக் கறை. எனக்கு அந்தக் கறைதான் கண்ணிலேயே நிற்கிறது.

ஆந்திராவைச் சொன்னீர்கள், சரி. எங்கள் ஊரில் இருந்து ரொம்பத் தூரமில்லை, கமுதியில் 648 மெகாவாட் சோலார் பிளாண்ட் 2016-லேயே எழும்பிவிட்டது, யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு. அவ்வளவு பெரிய தொகைக்குக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது. ஒரு மெகாவாட்காரனிடம்தான் வீட்டுப் பத்திரம், மில் பத்திரம், மச்சான் கையெழுத்து எல்லாம் கேட்கிறார்கள். பயம் இருந்தால் எல்லோரிடமும் இருக்க வேண்டும் அல்லவா?

வடமராட்சியான்

நான் இலங்கை. உங்கட கதைகளை வாசிக்க, கடன் கிடைக்காததும் நல்லதுக்குத்தானோ என்று தோன்றுகிறது. எனக்குக் கடன் சுகமாகக் கிடைத்தது, 2019-ல். கடைக் கூரையில் 20 கிலோவாட், உற்பத்தி முழுவதையும் விற்கிற நெட் பிளஸ். முதல் 7 வருடம் அலகு 22 ரூபாய், அதற்குப் பிறகு 15 ரூபாய் 50 சதம். வருமானம் நிலையானது, வட்டி மட்டும் ஏறி இறங்குகிற மிதக்கிற வட்டி. கையெழுத்து வைக்கும்போது அதை ஆர் பார்த்தது?

2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அதுக்கும் முதல் மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. உச்சி வெயில், கூரை கொதிக்குது, கீழே இன்வெர்ட்டரில் சிவப்பு லைட். லைனில் கரண்ட் இல்லை என்றால் இந்தச் சாதனம் தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள், லைனில் வேலை செய்கிறவருக்கு அடிக்கக்கூடாது என்று. கடைக்கு வந்த ஒரு அம்மா, "தம்பி, மேல இவ்வளவு பூட்டி வைச்சிருக்கிறியள், ஒரு ஃபேனைப் போடுங்கோவன்" என்றா. விளங்கப்படுத்தினேன். அவ நம்பவில்லை. வெயில் எரிக்குது, வருமானம் பூச்சியம், வட்டி மட்டும் மின்வெட்டு இல்லாமல் ஓடுது. டொலர் 200-ல் இருந்து 360-க்குப் போன நேரத்தில் இன்வெர்ட்டர் போர்ட் ஒன்றும் போனது, அதை எழுத வெளிக்கிட்டால் விடிஞ்சுவிடும். 2025 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்கு மின்பாவனை குறைவு, கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்கோ என்று கேட்டார்கள். கரண்ட் இல்லாதபோதும் நிற்குது, கூடினாலும் நிற்குது. அண்ணைமாரே, கடன் எடுக்கிற ஆட்கள் வட்டி நிலையானதா என்று மட்டும் முதலில் கேளுங்கோ.

கணக்கு_வழக்கு

திருப்பூர் நண்பருக்கு. சொந்தமாக எதற்குப் போட வேண்டும்? குரூப் கேப்டிவ் பாருங்கள். வேறு ஊரில் இருக்கிற பிளாண்ட்டில் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து 26 சதவீதப் பங்கு, உற்பத்தியில் 51 சதவீதம் எடுத்துக்கொண்டால் போதும், வெளியில் கரண்ட் வாங்குகிறவர்கள் மின்வாரியத்துக்குக் கட்டும் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் கிடையாது. வெளியில் இருந்து பசுமை மின்சாரம் வாங்குவதற்கான 2022 கிரீன் ஓப்பன் அக்சஸ் விதிப்படி 1 மெகாவாட் என்று இருந்த வரம்பு 100 கிலோவாட்டாகக் குறைந்துவிட்டது. கூரை யாருடையது என்ற கேள்வியே வராது. என் நண்பர் கம்பெனியில் இப்படித்தான் செய்தார்கள், நன்றாகப் போகிறது. வீலிங் சார்ஜ் (லைனில் கொண்டு வரும் கட்டணம்), பேங்கிங் (மிச்ச யூனிட்டைச் சேர்த்து வைப்பது) எல்லாம் படித்துவிட்டுச் செய்யுங்கள். பங்கு ஒப்பந்தத்தில் வெளியேறும் விதியைத் தனியாகப் பாருங்கள், ஆடிட்டர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நூல்கண்டு_திருப்பூர்

அண்ணா, 100 கிலோவாட் எங்கே, நான் எங்கே. என்னுடையது எல்டி (தாழ்வழுத்த) சர்வீஸ், மொத்த லோடே அதில் பாதிதான்.

மேனேஜர் சார், சிஜிடிஎம்எஸ்இ கேட்டேன், ஃபைலைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார், ஆனால் ஒப்பந்தம் கடன் காலத்துக்கு இருக்க வேண்டும் என்பதில் அசையவில்லை. ஷெட் ஓனரிடம் பேசினேன். ஒன்பது வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்ய அவருக்குச் சம்மதம், ஆனால் பத்திரச் செலவு முழுக்க நான் பார்க்க வேண்டும், பேனல் பூட்டியதும் வாடகையை ஏற்ற வேண்டும் என்கிறார். "கூரையும் என்னுதுதானுங்களே, கீழ இருக்கறதுக்கு ஒரு வாடகைன்னா மேல இருக்கறதுக்கு?" என்கிறார். கூரைக்குத் தனி வாடகை யாராவது கொடுக்கிறீர்களா, சதுர அடிக்கா கிலோவாட்டுக்கா, எப்படிப் பேசினீர்கள்?