போன் எடுக்கும் முன்பே கட்டிலுக்கு அடியில் போய்விடும் நாய்

கல்லிடை செல்வி:
எங்கள் வீட்டில் ராணி என்று ஒரு கன்னி இன நாய் இருக்கிறது. வரப்புத் தகராறில் என் வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் ரொம்ப நாளாக ஆகாது. அண்ணன் போன் வந்தால், இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ராணி எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். வேறு யார் கூப்பிட்டாலும் காதைக்கூட ஆட்டாது. பேசி முடித்து இவர் திண்ணையில் உட்கார்ந்தால், வந்து முழங்காலில் தாடையை வைத்துக்கொள்ளும். மாமியார், “அதுக்கு எல்லாம் வெளங்கும் மக்கா” என்கிறார். இவரோ, “போட்டீ, நாய்க்கு என்ன தெரியும்” என்கிறார். நிஜமாகவே நம் மனசு இதுகளுக்குத் தெரியுமா?

முக்கூடல் ராசா:
எங்கள் வீட்டுப் பூனைக்கு மீன் வாங்கி வந்தது மட்டும்தான் தெரியும். வேலை போன அன்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கேன், அது சாளைத் தலைக்குக் கத்திக்கொண்டு நிற்கிறது.

பாளை அண்ணாச்சி:
தங்கச்சி, அண்ணனுக்கென்று தனி ரிங்டோன் வைத்திருக்கிறாரா? அப்படியென்றால் விஷயம் சாதாரணம். அந்தச் சத்தம் கேட்டால் சண்டை வரும் என்று பழகியிருக்கும்.

இல்லையென்றால் மூக்குதான். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை 9000-லிருந்து 17, 17-ஆகக் குறைத்து மனக்கணக்குப் போடச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் வியர்வையையும் மூச்சையும் துணியில் பிடித்தார்கள். முகமும் இல்லை, குரலும் இல்லை, வெறும் துணி. பழக்கிய நான்கு நாய்களும் சேர்ந்து நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கு மேல் பதற்றத் துணியைச் சரியாகக் காட்டின. போதாக்குறைக்கு, பெயரைப் பார்த்ததும் மச்சான் தாடை இறுகும், தோள் ஏறும். நாம் கவனிக்க மாட்டோம், அது கவனிக்கும்.

ஆனால் மாமியார் சொல்கிற அளவுக்கு நான் போகமாட்டேன். ஆள் கொதிக்கிறான் என்று தெரியும், எதற்கென்று தெரியாது. செருப்பைக் கடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போடுகிறதே, அதைக் குற்ற உணர்ச்சி என்கிறோம். நாய்களை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மா 2009-ல் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் முழித்தது.

அப்புறம், கட்டிலுக்கு அடியில் போனால் இழுத்து வெளியே விடாதீர்கள், அது ஒதுங்க இடம் வேண்டும். சண்டை வீட்டில் நாய்க்கும் உடம்பு வாடும். சுவீடனில் 2019-ல் வளர்ப்பவர் தலைமுடியையும் நாயின் முடியையும் சோதித்தபோது, கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் இரண்டிலும் ஒத்துப்போனது.

கல்லிடை செல்வி:
எல்லோருக்கும் ஒரே ரிங்டோன்தான் அண்ணாச்சி. நேற்று அவர் அண்ணன் என் போனில் கூப்பிட்டார். எடுக்காமல் அப்படியே கொண்டுபோய் இவரிடம் நீட்டினேன். அடித்துக்கொண்டே இருந்தது, ராணி அசையவில்லை. இவர் கையில் வாங்கிப் பெயரைப் பார்த்தார், உடனே எழுந்துவிட்டது! வியர்வைக் கதையை இவரிடம் சொன்னேன். “அப்பம் நான் நாறுதேன்னு சொல்லுதியா?” என்று கேட்கிறார்.