கலைச்சொல்: மொசைக், டெசெரா – 'சில்லோவியம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியின் கலைச்செல்வங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்து உருவாக்கும் படத்தைக் குறிக்கும் 'மொசைக்' என்பதை அப்படியே விடத் தயக்கமாக இருக்கிறது. நம் ஊரில் மொசைக் என்றால் வீட்டுத் தரை. சிமெண்டில் சலவைக்கல் பொடிசுகளைக் கலந்து கொட்டி, மெஷின் விட்டுத் தேய்த்து மெருகேற்றுவார்களே, அது. அதில் படம் ஏது? பொம்பெயியில் 1831-இல் கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அலெக்சாந்தர் போர்க்காட்சியில் குறைந்தது 15 லட்சம் துண்டுகள் இருக்கும் என்கிறார்கள். அகலம் 5 மீட்டருக்கு மேல். தேரில் தப்பியோடும் பாரசீக மன்னன் தாரியசின் முகக் கலக்கம்கூட வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றின் சாயல்களிலேயே வந்துவிடுகிறது. இதைப் போய் மொசைக் என்று எழுதினால் வாசகருக்குக் கூடத்துத் தரைதான் ஞாபகம் வரும்.

'சில்லோவியம்' என்று வைக்கலாமா? டெசெரா எனப்படும் ஒவ்வொரு துண்டும் 'சில்லு'.

மறுமொழி (யாழ்ப்பாணத்திலிருந்து):

ஐயா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் சில்லு என்றால் சக்கரம். சைக்கிள் சில்லு, வண்டில் சில்லு. தாரியசின் தேர் வருகிற பந்தியிலேயே இந்தச் சொல்லும் வந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். கணினிக்காரர்களும் 'சிப்'புக்கு அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதோடு, சில்லு உடைந்து சிதறியதையும் குறிக்கும். ரோமானியர் அளவு பார்த்தல்லவா வெட்டினார்கள்? 'பதிகல்', 'பதிகல் ஓவியம்' எப்படி?

மறுமொழி:

சரி, நான் சொன்ன சில்லோவியம் வேண்டாம். பதிகல்லில் ஒரு கேள்வி எழும்: எல்லாமே கல்லா? பொம்பெயிக்கு அருகிலுள்ள ஹெர்குலேனியத்தில் கடல் தெய்வம் நெப்டியூனும் அவர் மனைவி ஆம்ஃபிட்ரிட்டியும் நிற்கும் சுவர் பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளால் ஆனது; ஓரத்தில் சிப்பி வேறு. ஆனால் கண்ணாடியைப் பதித்தாலும் 'கல் வைத்த தோடு' என்றுதானே சொல்கிறோம்? ஆகவே கல் நிற்கும். 'தரைச்சித்திரம்' என்று யாராவது சொல்ல நினைத்திருந்தால், அது இந்தச் சுவரிலேயே அடிபட்டுப்போகும்.

அப்புறம், கூடவே வரும் சொற்கள். மிகச் சிறிய துண்டுகளைப் புழு நெளிவதுபோல வளைத்து அடுக்குவது 'ஓபஸ் வெர்மிகுலாட்டும்'. அலெக்சாந்தர் படம் அந்த வகைதான். இதற்கு 'நெளிவரிசை' போதும். 'ஓபஸ் சிக்னினும்' என்பது ஓட்டுப்பொடியும் சுண்ணாம்பும் கலந்து இட்ட தளம். இதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை, நம் கொத்தனார்களின் சுர்க்கிக் காரைதான். சுர்க்கி தமிழா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

'ஓபஸ் செக்டைல்' ஒன்றுதான் உறுத்துகிறது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ரோமில் யூனியஸ் பாஸஸ் 4-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மண்டபத்திலிருந்து வந்த பலகை ஒன்று கபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புலி ஒரு கன்றின்மேல் பாய்கிறது. அங்கே சிறு சதுரங்களை அடுக்கவில்லை. உருவத்தின் வடிவத்துக்கே வண்ணக் கற்களை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். ஆகவே பதிகல் ஓவியம் என்பதற்குள் இது அடங்காது. 'கல்லிழைப்பு' என்று வைக்க நினைக்கிறேன். மணி இழைத்த நகை என்கிறோமே, அந்த இழைப்பு. தச்சர்களின் இழைப்பு வேலையோடு இது குழம்புமா? மரவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.