சிஸ்டம் ஆன் ஆகும்போதே லைப்ரரி இல்லை என்று நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. டெபியன் 12 லினக்ஸ் போட்ட என் லேப்டாப் நேற்று இரவிலிருந்து உள்ளேயே போக மாட்டேன் என்கிறது. கிரப் மெனு (எதை பூட் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் திரை) வருகிறது, கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏறுகிறது, அப்புறம் திரை முழுக்க எழுத்து ஓடி கெர்னல் பேனிக் என்று நின்றுவிடுகிறது. கடைசி வரியில் இனிட்டைப் (கெர்னல் முதலில் தொடங்கும் புரோகிராம்) பற்றி ஏதோ வருகிறது, பக்கத்தில் 7எஃப்00 என்று முடியும் ஓர் எண். ரேம் போய்விட்டதோ என்று மெம்டெஸ்ட் ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை. பழைய கெர்னல், ரெகவரி மோடு இரண்டிலும் இதே நிலைதான். ஒன்றரை வருட வேலை உள்ளே இருக்கிறது, தயவுசெய்து ஃபார்மேட் செய்யச் சொல்லிவிடாதீர்கள்.

பதில் 1:
ஃபார்மேட் வேண்டவே வேண்டாம். அந்த எண்தான் துப்பு. கடைசி இரண்டு பூஜ்யங்களை விட்டுவிட்டால் மிஞ்சும் 7எஃப் பதினாறு அடிமான எண், நம் கணக்கில் 127. ஒரு புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரி (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் ஃபைல்) கிடைக்காதபோது, அதை ஏற்றும் லோடர் கைவிட்டுத் திருப்பித் தரும் எண் அது. பேனிக் வரிக்குக் கொஞ்சம் மேலே, எந்த ஃபைல் இல்லை என்று பெயரோடு ஒரு வரி இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இருக்கிறது! லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3 என்ற ஃபைலைத் (ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் லைப்ரரி) திறக்க முடியவில்லையாம். இப்போதுதான் புரிகிறது. ஒரு பழைய மென்பொருள் லிப்கிரிப்டோ 1.1 வேண்டும் என்று கேட்டது, 3-க்கு 1.1 என்று லிங்க் போட்டுப் பார்த்தேன், வெர்ஷன் பொருந்தவில்லை என்றது. அதனால் 3-ஐ ஹோமுக்குள் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு வேறொன்றை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நகர்த்தியதும் சர்வீஸ்களைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கமாண்ட் கூட ஓடவில்லை, பயந்துபோய் ரீஸ்டார்ட் செய்துவிட்டேன்.

பதில் 2:
லைவ் யூஎஸ்பியில் (யூஎஸ்பியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஏறி, உங்கள் டிஸ்க்கை மவுன்ட் செய்து (இணைத்து), இனிட் மேல் எல்டிடி (ஒரு புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளைக் காட்டும் கமாண்ட்) ஓட்டுங்கள். எது இல்லை என்று பட்டியலே வரும்.

பதில் 1:
அதில் ஒரு பொறி இருக்கிறது. சிஎச்ரூட் செய்யாமல் (அதாவது உங்கள் டிஸ்க்கையே ரூட்டாக மாற்றிக்கொள்ளாமல்) எல்டிடி ஓட்டினால் அது லைவ் யூஎஸ்பியில் உள்ள லைப்ரரிகளைத்தான் தேடும், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டும். நானே ஒரு முழு இரவை இப்படித் தொலைத்திருக்கிறேன்.

இங்கே யூஎஸ்பியே தேவையில்லை. இனிட்டாக ஓடும் சிஸ்டம்டிதான் லிப்கிரிப்டோவைக் கேட்கிறது, கமாண்ட் அடிக்கும் ஷெல்லான பாஷ் கேட்காது. கிரப் மெனுவில் ஈ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்டாக பாஷைக் கொடுத்து பூட் செய்யுங்கள், நேராக ரூட் ஷெல் வரும். ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும், எழுதும்படி ரீமவுன்ட் செய்யுங்கள். ஹோம் தனிப் பார்ட்டிஷன் என்றால் அதையும் மவுன்ட் செய்துவிட்டு, நகர்த்திய ஃபைலைப் பழைய இடத்தில் வையுங்கள். லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்க எல்டிகான்ஃபிக் ஒருமுறை ஓட்டி, இனிட் மேல் எல்டிடி போட்டு, இல்லை என்று ஒரு வரியும் வராததைப் பார்த்த பிறகு எக்ஸெக் கொடுத்து இனிட்டைத் தொடங்குங்கள். எக்ஸெக் முக்கியம், அது பாஷ் இருந்த இடத்திலேயே இனிட்டை ஓட்டும், அப்போதுதான் இனிட்டுக்கு ப்ராசஸ் எண் 1 கிடைக்கும்.

கேட்டவர்:
வந்துவிட்டது!! ஹோம் தனிப் பார்ட்டிஷன்தான், முதலில் காலியாகத் தெரிந்ததும் நெஞ்சே நின்றுவிட்டது, மவுன்ட் செய்ததும் எல்லாம் இருந்தது. மிக்க நன்றி. அந்தப் பழைய மென்பொருளுக்கு இனி என்ன செய்வது?

பதில் 1:
ரொம்ப மகிழ்ச்சி. முதலில் லிப்கிரிப்டோ 3 அடங்கிய லிப்எஸ்எஸ்எல்3 பேக்கேஜை, ஃபைல்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும் டிபிகேஜி வெரிஃபை மூலம் சரிபாருங்கள், நீங்கள் போட்ட 1.1 லிங்க்கையும் நீக்குங்கள். 1.1-ம் 3-ம் வேறு வேறு லைப்ரரிகள், பெயரை மாற்றினால் ஒன்று மற்றொன்றாகாது. 1.1 ஃபைல்களை அந்த மென்பொருளின் சொந்த ஃபோல்டரில் வைத்து, அதைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் மட்டும் எல்டி லைப்ரரி பாத் (லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) கொடுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது, அதனால் நெட்டோடு பேசும் வேலைக்கு அதை நம்பாதீர்கள்.