உண்ணிச்செடி அகற்றிய பிறகு யார் பார்த்துக்கொள்வது? ஒப்பந்த வாசகம் தேவை

வணக்கம். வனத்துறையும் ஊர்க்குழுவும் சேர்ந்து பராமரிக்கும் அரசுக் காட்டில் உண்ணிச்செடி (லண்டானா என்னும் அயல்நாட்டுக் களைப்புதர்) அகற்ற ஒப்பந்தம் எழுதுகிறோம். வெட்டும் முறையில் குழப்பமில்லை. தரையோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும். அதனால் மண்ணுக்குக் கீழே ஆணிவேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். காய் பழுப்பதற்குள் முடிப்பது நல்லது.

சிக்கல் அதன் பிறகுதான். பழத்தைத் தின்று விதையை எச்சத்தில் போடும் பறவைகள் அமரும் மரங்களின் அடியில் மழைக்குப் பின் உண்ணி நாற்றுகள் மண்டிவிடும். ஈரமண்ணில் கையால் பிடுங்கினாலே வேரோடு வரும். ஒரு பருவம் விட்டால் மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான். திட்ட நிதியோ முதலாண்டு வெட்டுக்கு மட்டும்.

மூன்றாண்டுக் களையெடுப்புக் கூலி, மேய்ச்சல் தடை, புல்லறுக்கும் உரிமை ஆகியவற்றைச் சேர்த்து எழுதியவர்கள் அந்தப் பிரிவை அப்படியே பகிர முடியுமா? புல்லறுக்கும் உரிமையை யார் பெயரில் எழுதினீர்கள் என்பதையும் அவசியம் சொல்லுங்கள்.