புதுப்பிப்பு: தரம் 10 பிள்ளைகளின் காடைகள்

இரண்டு மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேனே, செங்கலடிப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் விவசாயப் பாடத்துக்குக் காடை வளர்த்துக் காட்டலாமா என்று? சரி, 30 முட்டை வைத்தோம், 19 பொரித்தன.

17ஆம் நாள் காலை முதல் முட்டை உள்ளிருந்து வட்டமாக வெட்டுப்பட்டு, மூடி போலத் திறந்தது. குஞ்சு பெருவிரல் அளவுதான். அன்று வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை.

முதல் இரவே என் பிழை: தண்ணீரைச் சிரட்டையில் வைத்துவிட்டேன். இரண்டு குஞ்சுகள் மூழ்கிச் செத்துப்போயின. மறுநாள் ஒரு பிள்ளை போத்தல் மூடியில் சின்னக் கற்களை நிரப்பிக்கொண்டு வந்தாள். இப்போது கல் இடுக்கில் நிற்கும் நீரை மட்டும் கொத்திக் குடிக்கின்றன. எனக்கு ஏன் முதலே தோன்றவில்லையோ!

வெப்பமானியை விடக் குஞ்சுகளைத்தான் பார்க்கச் சொன்னேன். மின்குமிழின் கீழ் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு.

கோழித் தீன் போதும் என்றவர்களுக்கு: காடைக் குஞ்சுக்கு 24 சதவீதமளவு புரதம் வேண்டும். கருவாட்டுத் தூள் கலக்கிறோம், வகுப்பே மணக்கிறது.

இப்போது மூன்று வாரம். நெஞ்சில் கறுப்புப் புள்ளி இருந்தால் பெட்டை, செம்மண் நிறமென்றால் சேவல். பிள்ளைகள் 9 பெட்டை என்கிறார்கள். என் கணக்கில் 8தான். முட்டையிட ஆறேழு வார வயதாக வேண்டும், அப்புறம் எழுதுகிறேன்.